கியர் பெட்டிக்குள் ஒரு மதகு!

"ஆட்டோமேட்டிக்" கார் மக்கர் செய்கிறதா? கழற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

சென்னையில் இருந்து புதுச்சேரிக்குக் கடல் ஓரமாக ஒரு சாலை போகிறது. அதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலை. அந்தச் சாலையில் மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது, கடப்பாக்கம்.

ஊருக்குக் கிழக்கே உப்பங்கழி. அதற்கு அப்பால் கடல். கழி ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கோட்டை இது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள்.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்களும், புதுச்சேரிக்குப் போகிறவர்களும் இந்த வழியாகக் காரில் பறக்கிறார்கள். அந்தக் கார்களில் இப்போது ஒரு புது வகை பெருகிவிட்டது. அதில் கிளட்ச் பெடல் கிடையாது. டிரைவர் கியர் போட வேண்டியது இல்லை. கார் தானே கியரை மாற்றிக்கொள்ளும். அதுதான் "ஆட்டோமேட்டிக்" கார்.

ஓடும் வரை சுகம்தான். நடு வழியில் மக்கர் செய்தால்?

தள்ளினால் ஓடாது!

சாதாரணக் கார் நின்றுவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். டிரைவர் கிளட்சை விடுவார். எஞ்சின் உறுமிக் கிளம்பும்.

ஆட்டோமேட்டிக் காரை நாற்பது பேர் தள்ளினாலும் எஞ்சின் கிளம்பாது. என்ன காரணம்?

இந்தக் காரின் கியர் பெட்டிக்குள் எல்லா வேலையையும் செய்வது ஆயில். கியரை இணைப்பது ஆயில். பிரிப்பதும் ஆயில். அந்த ஆயிலை அழுத்தி அனுப்ப ஒரு பம்பு இருக்கிறது. பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் ஓடாவிட்டால் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் ஆயிலுக்கு அழுத்தம் இல்லை. பிறகு சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உறவு ஏது?

1950-களில் வந்த சில கியர் பெட்டிகளில் பின்பக்கமும் ஒரு பம்பு வைத்திருந்தார்கள். அவற்றைத் தள்ளிக் கிளப்ப முடிந்தது. பிறகு அந்தப் பின் பம்பை எடுத்துவிட்டார்கள்.

மதகும் வாய்க்காலும்

மதுராந்தகம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

ஏரியில் தண்ணீர் நிற்கிறது. மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் ஓடும். எந்த மதகைத் திறக்கிறோமோ அந்தப் பக்கத்து வயல் நனையும். மூடினால் நின்றுவிடும்.

கியர் பெட்டிக்குள்ளும் இதே கதைதான். பம்பு தள்ளும் ஆயிலை எந்தக் கிளட்சுக்கு அனுப்புவது, எப்போது அனுப்புவது, எவ்வளவு அழுத்தத்தில் அனுப்புவது? இவ்வளவையும் பார்த்துக்கொள்ளும் மதகுக்கு "வால்வு பாடி" என்று பெயர்.

அது ஓர் அலுமினியக் கட்டி. நீள அகலத்தில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் போல இருக்கும். இரண்டு மூன்று பாகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கி இருப்பார்கள். உள்ளே புழு நெளிந்ததுபோல வளைந்து வளைந்து வாய்க்கால்கள். அவற்றின் குறுக்கே முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் சின்னச் சின்ன வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சில இடங்களில் சைக்கிள் பால்ரஸ் குண்டு போன்ற குண்டுகளும் இருக்கும்.

மதகைத் திறக்க ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்கு "சோலினாய்டு" என்று பெயர். அது மின்சாரத்தால் இயங்கும் சிறிய வால்வு. காரில் உள்ள கம்ப்யூட்டர் உத்தரவு போடும். சோலினாய்டு திறக்கும், மூடும். ஆயில் பாயும். கியர் மாறும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

கப்பலில் பிறந்தது

எஞ்சினின் சக்தியைத் திரவம் மூலமாகக் கடத்தலாம் என்று காட்டியவர் ஹெர்மன் பாட்டிங்கர் என்ற ஜெர்மன் எஞ்சினீயர். 1905-ல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதைக் கண்டுபிடித்தது காருக்காக அல்ல, கப்பலுக்காக!

கார் உலகில் இது பெரிய அளவில் வந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி "ஹைட்ராமேட்டிக்" என்ற கியர் பெட்டியை 1939-ல் வெளியிட்டது. 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க டாங்கிகளிலும் அதைப் பொருத்தினார்கள்.

1953 ஆகஸ்டு 12-ந் தேதி அமெரிக்காவின் லிவோனியா நகரில் இருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. கியர் பெட்டி கிடைக்காமல் பல கார் கம்பெனிகள் திண்டாடின. அந்த அளவுக்கு அமெரிக்கர்கள் அதற்குப் பழகி இருந்தார்கள்.

அன்றைய பெட்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. காரின் வேகத்துக்கும் ஆக்சிலேட்டர் மிதிக்கும் ஏற்றபடி ஆயில் அழுத்தமே வால்வுகளைத் தள்ளியது. 1980-களில்தான் மின்சாரமும் கம்ப்யூட்டரும் இந்த வேலைக்குப் பரவலாக வந்தன.

செங்கல்பட்டுச் சீமையில்

நம் பக்கத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. மறைமலை நகரில் போர்டு ஆலை 2022 வரை கார் செய்தது. ஒரகடத்தில் அலிசன் ஆலை இருக்கிறது. லாரி, பஸ்களுக்கான ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகளை அங்கே செய்கிறார்கள்.

2014-ல் மாருதியின் செலரியோ வந்தது. குறைந்த விலையில் கிளட்ச் பெடல் இல்லாத கார்! அதில் இருப்பது "ஏ.எம்.டி." என்ற வகை. சாதாரணக் கியர் பெட்டிதான். டிரைவரின் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி கிளட்சையும் கியரையும் இயக்குகிறது. நாம் இங்கே சொல்லும் வால்வு பாடி அதில் கிடையாது.

ஆகவே, உங்கள் கார் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அது இருக்கும்.

"கியர் பெட்டியே போச்சு!"

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கி வாங்கிய கார். மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் அந்தச் சக்கரத்தில்தான் ஓடுகிறது.

ஒரு நாள் கியர் மாறும்போது கார் "டொக்" என்று உதைக்கிறது. அல்லது எஞ்சின் அலறுகிறது, கார் வேகம் எடுக்க மறுக்கிறது. அல்லது ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது.

யாரோ ஒருவர் பார்த்துவிட்டு, "கியர் பெட்டியே போச்சு. புதுசு போடணும்" என்கிறார். இன்னொருவர், "வால்வு பாடியை மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார். இரண்டுமே பெரும் செலவு.

உண்மையில் குறை எங்கே இருக்கிறது? ஆயில் குறைந்திருக்கலாம். ஒரு ஒயர் அறுந்திருக்கலாம். சோலினாய்டு ஒன்று மட்டும் கெட்டிருக்கலாம். வால்வு பாடி பழுதாகி இருக்கலாம். அல்லது உள்ளே கிளட்ச் கருகி இருக்கலாம்.

ஐந்துக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான். செலவோ மலைக்கும் மடுவுக்கும்! அதனால்தான் ஸ்பானரை எடுப்பதற்கு முன் சோதனை வேண்டும் என்கிறார்கள். சோதனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. செலவு இல்லாததை முதலில் செய்ய வேண்டும்.

முதல் சோதனை: ஆயில்

காரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். ஆயில் அளவுக் கம்பி உள்ள கார்களில், பெரும்பாலும் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் கம்பியே கிடையாது. அவற்றைப் பட்டறையில் தூக்கி வைத்து, அளவு பார்க்கும் திருகைத் திறந்துதான் பார்க்க முடியும்.

கம்பியில் ஒட்டிய ஆயிலை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நிறம் கதை சொல்லும்.

சிவப்பாகவும் தெளிவாகவும் இருந்தால் பெரும்பாலும் நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் கருகி இருக்கிறது. அப்போது வால்வு பாடியை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் "மிக்ஜாம்" புயலையும் மறக்க முடியுமா? வெள்ளத்தில் மூழ்கிய காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீர் கலந்த ஆயில் கிளட்ச் தகடுகளைக் கெடுத்துவிடும். முதலில் ஆயிலைப் பார்த்து, கலந்திருந்தால் மாற்ற வேண்டும்.

இரண்டாவது: கம்ப்யூட்டரும் ஒயரும்

காரின் கம்ப்யூட்டர் தன் குறைகளை எண்களாகக் குறித்து வைக்கும். "ஸ்கேனர்" கருவியைச் செருகினால் அந்த எண்கள் தெரியும். "பி 07" என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் கியர் பெட்டியைச் சேர்ந்தவை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பி 0750" என்று வந்தால் ஒரு சோலினாய்டில் கோளாறு என்று பொருள். ஆனால் சோலினாய்டுதான் கெட்டது என்று அர்த்தம் அல்ல. அதற்குப் போகும் ஒயர் அறுந்தாலும் அதே எண்தான் வரும்.

கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று பட்டுப் பட்டு, ஒயர் சேரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். அதைச் சுத்தம் செய்தாலே சில கார்கள் சரியாகிவிடும்.

மின்சார மீட்டர் வைத்துச் சோலினாய்டின் தடையை அளக்கலாம். டொயோட்டாவின் பல கியர் பெட்டிகளில் கியர் மாற்றும் சோலினாய்டுக்கு 11 முதல் 15 ஓம் வரை இருந்தால் சரி. மற்றக் கார்களுக்கு வேறு கணக்கு. அந்தந்தக் கம்பெனியின் ரிப்பேர் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: கடிகாரம்

ஆயில் சூடாக இருக்க வேண்டும். ஹாண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்தி மிதிக்க வேண்டும். கார் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. லிவரை "என்"-ல் இருந்து "டி"-க்குத் தள்ள வேண்டும். கார் லேசாக அசைந்து கியர் பிடிப்பது தெரியும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

டொயோட்டாவின் பல ரிப்பேர் புத்தகங்களில் 1.2 விநாடிக்குள் பிடிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பின்னோக்கிப் போகும் "ஆர்" கியருக்கு 1.5 விநாடி. அதற்கு மேல் இழுத்தால் ஆயில் அழுத்தம் போதவில்லை, அல்லது கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

நான்காவது: அழுத்தம்

இதுதான் முக்கியமான சோதனை. பல கியர் பெட்டிகளின் வெளிப்பக்கத்தில் இதற்கென்றே ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் "கேஜ்" மாட்டுவார்கள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்ப்பது போலத்தான்!

கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்று அடிக்கிறோம். கியர் பெட்டியில் எஞ்சின் சும்மா ஓடும்போதே அதைவிட அதிக அழுத்தம் இருக்கும். பாரம் இழுக்கும்போது 100 பவுண்டைத் தாண்டும். ஆகவே 300 பவுண்டு வரை காட்டும் கேஜ் வைத்துக்கொள்வது நல்லது.

கேஜ் என்ன சொல்கிறது?

எல்லா கியரிலும் அழுத்தம் குறைவு என்றால், பம்பு, பில்ட்டர், அல்லது அழுத்தத்தை ஒழுங்கு செய்யும் வால்வு காரணமாக இருக்கலாம். "டி"-யில் மட்டும் குறைவு என்றால், அந்தக் கியருக்குப் போகும் பாதையில் கசிவு. அழுத்தம் சரியாக இருந்தும் கியர் வழுக்கினால், கிளட்ச் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வால்வு பாடியைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும் சோதனை ஒன்றும் உண்டு. அனுபவம் இல்லாதவர்கள் அதில் இறங்கக் கூடாது. 5 விநாடிக்கு மேல் மிதித்தால் ஆயில் கொதித்துக் கிளட்ச் கருகிவிடும். கார் பாய்ந்துவிடும் அபாயமும் உண்டு.

கழற்றுவது எப்படி?

எல்லாச் சோதனையும் வால்வு பாடியையே காட்டினால், அப்போதுதான் கழற்ற வேண்டும். பல கார்களில் கியர் பெட்டியை இறக்காமலே அடியில் இருந்து வால்வு பாடியை மட்டும் எடுத்துவிடலாம். சில கார்களில் அது பக்கவாட்டில் இருக்கும்.

எஞ்சின் ஆற வேண்டும். சூடான ஆயில் கையை வேகவைத்துவிடும். பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே போக வேண்டும்.

அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றி, ஆயிலைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். தட்டில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பயம் இல்லை. அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் கிடந்தால் உள்ளே வேறு பெரிய சேதம். வேலையை அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

பிறகு பில்ட்டர். பிறகு சோலினாய்டு ஒயர்கள். பழைய பிளாஸ்டிக் முனைகள் அப்பளம் போல நொறுங்கும். மெதுவாகப் பிரிக்க வேண்டும்.

அடுத்து போல்ட்டுகள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில போல்ட்டுகள் வால்வு பாடியைப் பெட்டியோடு பிடிப்பவை. மற்றவை வால்வு பாடியின் பாகங்களை ஒன்றோடு ஒன்று பிடிப்பவை. பெட்டியோடு பிடிப்பவற்றை மட்டுமே கழற்ற வேண்டும். மாற்றிக் கழற்றினால் ஸ்பிரிங்கும் குண்டும் தரையில் சிதறும். எது எங்கே இருந்தது என்று பிறகு யாருக்குத் தெரியும்?

போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் வால்வு பாடியின் படத்தை வரைந்து, துளை போட்டு, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்திலேயே செருகி வைக்க வேண்டும். நீளப் போல்ட்டைக் குட்டைப் போல்ட்டின் இடத்தில் முறுக்கினால் பெட்டியே உடையும்.

கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை அடியில் தாங்க வேண்டும். கியர் லிவரோடு சேரும் கொக்கியை விடுவித்து, நேராகக் கீழே இறக்க வேண்டும். சுத்தமான தட்டில் வைக்க வேண்டும்.

காற்று சொல்லும் சேதி

வால்வு பாடி இறங்கிய பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மேலே பெட்டியில் கிளட்சுகளுக்குப் போகும் ஆயில் துளைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் அளவான அழுத்தத்தில் காற்று அடிக்க வேண்டும்.

"தொப்" என்று சத்தம் கேட்டால் கிளட்ச் பிடிக்கிறது. "உஸ்" என்று இரைச்சல் மட்டும் வந்தால் உள்ளே சீல் கிழிந்திருக்கிறது. அப்படியானால் புது வால்வு பாடி போட்டாலும் கார் ஓடாது. வாங்குவதற்கு முன்பே இது தெரிந்துவிட்டால் எவ்வளவு பணம் மிச்சம்!

கழற்றிய வால்வு பாடியில், வால்வுகள் தங்கள் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் அழுக்கு, அல்லது கீறல். அழுக்கைக் கழுவலாம். துளை தேய்ந்திருந்தால் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

துடைப்பதற்குக் காட்டன் வேஸ்ட் கூடாது. ஒரு நூல் பிசிறு போதும், வால்வு சிக்கிக்கொள்ளும்.

மாட்டும்போது

போல்ட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது. இது அலுமினியம். பல கார்களில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அளவு காட்டும் ஸ்பானரால், நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். ஏற்றக்குறைவாக இறுக்கினால் பாடி வளைந்து வால்வு சிக்கும்.

கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் உதவாது. பல கார்களில் கம்ப்யூட்டருக்குப் புது வால்வு பாடியைப் பழக்கிவிட ஸ்கேனர் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கார் பழையபடி உதைக்கும்.

பழைய ஆயிலை வாய்க்காலிலோ கழியிலோ ஊற்றாதீர்கள். மீனும் இறாலும் வாழும் தண்ணீர் அது. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

கயிறு கட்டி இழுக்காதீர்கள்!

நடு வழியில் நின்ற ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்துப் போகக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே ஆயில் இல்லாமல் தேய்ந்து தீய்ந்துவிடும். சின்னக் கோளாறு பெரிய கோளாறு ஆகிவிடும். எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கிச் செல்லும் வண்டியை அழைப்பதே நல்லது.

மூன்றே கேள்விகள்

இவ்வளவு வேலையையும் நாமே செய்ய வேண்டும் என்பது இல்லை. தொழில் கற்றவர்கள் இருக்கிறார்கள். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு சொல்லிக் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகளுக்கு அது நல்ல பிழைப்பைத் தரும்.

ஆனால் காருக்குச் சொந்தக்காரர் மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேட்கலாம்.

"அண்ணே, ஆயில் எப்படி இருந்தது? ஸ்கேனரில் என்ன எண் வந்தது? அழுத்தம் எவ்வளவு காட்டியது?"

மூன்றுக்கும் பதில் சொல்பவர் சோதித்துப் பார்த்தவர். அவரிடம் தைரியமாகக் காரை விடலாம். பதில் வரவில்லையா? வண்டியைக் கழற்ற விடாதீர்கள். முதலில் சோதனை நடக்கட்டும். சோதனைக்கு ஆகும் காசு, கியர் பெட்டியின் விலையில் ஒரு துளிதான்!